நம்பர் சொல்லுங்க சார்!

ஒரு காலத்தில் கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "சில்லறை இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் இரண்டு மிட்டாயை எடுத்து நீட்டிவிடுவார். விஷயம் அத்தோடு முடிந்தது. இப்போது சில்லறையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அதற்குப் பதிலாகப் புதுக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது: "நம்பர் சொல்லுங்க சார்!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். செருப்புக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, ஸ்வீட் ஸ்டால். ஐந்து இடத்திலும் மொபைல் நம்பர் கேட்டார்கள். ஸ்வீட் ஸ்டாலில் நான் வாங்கியது கால் கிலோ காராபூந்தி.

"காராபூந்திக்கு எதுக்கும்மா நம்பர்?"

"சிஸ்டம் கேக்குது சார்."

இந்த சிஸ்டம் என்பவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. பெற்ற அப்பா "எங்கேடா போறே?" என்று கேட்டால் பதில் சொல்லாத பிள்ளைகள்கூட, சிஸ்டம் கேட்டால் கைகட்டிச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் யோசித்தபடி நின்றால் போதும், வரிசையில் பின்னால் இருப்பவர் குரல் கொடுக்கிறார்: "சார், நம்பரைச் சொல்லிட்டு நகருங்க. ஐஸ்கிரீம் உருகுது!"

பத்தே பத்து இலக்கம். கொடுத்தால்தான் என்ன குறைந்துவிடும்?

இதே கேள்வியைத்தான் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு? திறந்த புஸ்தகம் நான். யார் வேணா நம்பரை எடுத்துக்கட்டும்!" என்றார் பெருமையாக.

"ரொம்ப சந்தோஷம் சார். பென்ஷன் எவ்வளவு வருது?" என்றேன்.

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றார் சட்டென்று.

திறந்த புத்தகத்திலும் ஒட்டிக்கொண்ட பக்கங்கள் நாலைந்து இருக்கத்தான் செய்கின்றன!

பழைய காலத்திலும் கடைக்காரருக்கு நம் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும். எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடை நோட்டைப் புரட்டினால் எங்கள் குடும்ப சரித்திரமே அதில் இருக்கும். எந்த மாதம் சம்பளம் தள்ளிப் போனது, யார் வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்... பூண்டும் சுக்கும் எத்தனை போகிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவார். அப்போது நமக்கு அது உறுத்தவில்லை. காரணம், அண்ணாச்சி அந்த நோட்டை யாருக்கும் விற்கவில்லை. பாக்கியைத் தீர்த்ததும் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுவிடுவார். நாலு நாள் கழித்து மறந்தும் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு நம்மைத் தெரிந்த மாதிரி நமக்கும் அவரைத் தெரியும். வெளியே வாயைத் திறந்தால், மறுநாள் அவர் கடை வாசலில் போய் நின்று, "ஏன் அண்ணாச்சி, இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்க முடியும்.

கம்ப்யூட்டருக்கு மறதி கிடையாது. அதன் வாசல் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. இன்னொரு விஷயம்: ஊரில் ராமச்சந்திரன் என்ற பெயரில் ஆயிரம் பேர் இருக்கலாம். மொபைல் நம்பர் ஒரு ஆளுக்குத்தான். பேங்க், காஸ் சிலிண்டர், ஆதார் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதே நம்பர். செருப்புக் கடைக் கணக்கும் மருந்துக் கடைக் கணக்கும் தனித்தனிப் பூவாகக் கிடக்கும்வரை ஆபத்தில்லை. நம்பர் என்கிற நார் கிடைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் கோத்து மாலையாக்கிவிடலாம்.

மாலையானால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டு, பல வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. பி.காம் முடித்து வேலைக்கும் போகிறாள். மாதாமாதம் மாத்திரை வாங்கும் கடையில் நம்பர் கேட்டார்கள். அம்மா தன் நம்பரைக் கொடுத்திருந்தார்.

பெண் பார்க்க வந்தார்கள். பையனின் தாயாருக்குப் பெண்ணின் காலேஜ் போட்டோக்களைக் காட்டுவதற்காக இந்த அம்மா தன் போனைக் கையில் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலே டிங் என்று ஒரு மெசேஜ். மாத்திரையின் பெயரைப் போட்டு, அது தீரப்போகிறது, இந்த வாரம் வாங்கினால் பதினைந்து சதவிகிதம் தள்ளுபடி என்று!

வந்தவர் படித்தவர். அது எதற்கான மாத்திரை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். வரன் தட்டிப்போயிற்று.

"மறைக்கணும்னு நினைக்கலண்ணே" என்றார் அந்த அம்மா என்னிடம். "அவளே பையன்கிட்ட தனியா உக்காந்து சொல்றேன்னுதான் இருந்தா. என்ன வியாதி, எப்ப வந்துச்சு, டாக்டர் என்ன சொன்னாரு, எல்லாத்தையும் எழுதிகூட வச்சிருந்தா. அதுக்குள்ள கடைக்காரன் முந்திக்கிட்டான்."

அந்தரங்கம், பிரைவஸி என்றெல்லாம் பெரிய மனிதர்கள் பேசுவதை அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நம் விஷயத்தை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் முந்திக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போன விவகாரம் நினைவிருக்கிறதா? அந்த வழக்கில் 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. பத்திரிகை வெளியிடுவதற்கு முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பு, குடிமகனைத் தொந்தரவில்லாமல் தனியே விட்டுவிட வேண்டும், அது அவனுடைய உரிமை என்றும் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலைக் கைதியின் கதையிலிருந்து, நாட்டுக்கே ஒரு பாடம்!

அதற்குப் பிறகும், அது அடிப்படை உரிமைதானா என்ற சந்தேகம் தீரவில்லை. 1954-லும் 1962-லும் வந்த பழைய தீர்ப்புகளைக் காட்டி, இல்லை என்று மத்திய அரசே வாதாடியது. கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி, 2012-ல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது 86. அந்த வயதில் நம்மில் பலர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதிலேயே பொழுதைக் கழிப்போம்! 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமைதான். 2024-ல், தொண்ணூற்றெட்டாவது வயதில், புட்டசாமி காலமானார். காராபூந்திக் கடையில் நாம் "எதுக்கு?" என்று கேட்பதற்குப் பின்னால் அந்தப் பெரியவர் நிற்கிறார்.

கடைக்காரர் விஷயத்துக்கு நேராகவே வருகிறேன். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் அடுத்தவருக்குக் கொடுப்பது முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, நம்பர் கொடுத்தால்தான் பொருள் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று அறிவுரை வழங்கியது. "ஜிஎஸ்டி பில்லுக்கு வேணும் சார்" என்று சிலர் சொல்வார்கள். நம்மைப் போன்ற சாதாரண வாடிக்கையாளர் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பில்லில் பெயரும் விலாசமும் வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி சொல்கிறது. மொபைல் நம்பர் வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. சில வகை மருந்துகளுக்கு நோயாளியின் பெயரை ரிஜிஸ்தரில் எழுத வேண்டும் என்பது உண்மை. அங்கேயும் நம்பருக்கு வேலையில்லை.

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. சட்டத்துக்குள்ளேயே உதாரணமாக ஒரு மருந்துக் கடை வருகிறது! வாடிக்கையாளர் தானாக நம்பரைக் கொடுத்து, பணம் கட்டியதற்கு ரசீதை மெசேஜாக அனுப்பச் சொல்கிறார். ரசீது அனுப்பும் அந்தக் காரியத்துக்குக் கடைக்காரர் நம்பரைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். ரசீதுக்காக வாங்கிய நம்பரில் தள்ளுபடி, தீபாவளி வாழ்த்து, "மாத்திரை தீரப்போகிறது" என்பதெல்லாம் அந்த உதாரணத்தில் இல்லை. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் வழி செய்யச் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே சுலபத்தோடு திரும்பப் பெறலாம் என்கிறது. மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.

படிக்கும்போது வயிறு நிறைகிறது. ஆனால் பந்தி இன்னும் போடவில்லை. விதிகள் வெளிவரவே 2025 நவம்பர் ஆயிற்று. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சாம்பார் வருவதற்கு ஒன்றரை வருஷம்!

கடைக்காரர் தரப்பையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு சாமான் கொண்டுவந்து போட நம்பர் வேண்டும். மிக்ஸிக்கு வாரண்டி எழுத நம்பர் இருந்தால் சௌகரியம். நாமே "பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்று கேட்பதும் உண்டு. அதிலெல்லாம் தப்பில்லை. பில் போடும் பெண் மீதும் கோபப்பட வேண்டாம். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். நம்பர் வாங்காவிட்டால் சூபர்வைசரிடம் திட்டு வாங்குவது அவள்தான். நம் சண்டை சிஸ்டத்தோடு. அந்தப் பெண்ணோடு அல்ல.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளவே கூடாது. சில கடைகளில் நம்பரைச் சொன்னதும் ஓடிபி ஒன்று வருகிறது. அதையும் வரிசையில் நின்று உரக்கச் சொல்லச் சொல்கிறார்கள். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ரிசர்வ் வங்கியும் போலீஸும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இங்கே புள்ளிக் கணக்குக்கும் பத்து ரூபாய் தள்ளுபடிக்கும் ஓடிபியைக் கூவப் பழக்குகிறார்கள். இந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வரும் வயதானவர்களிடம்தான் பேங்கிலிருந்து பேசுவதாக ஒரு மோசடிக்காரன் போன் செய்கிறான். காலேஜ் போகும் பெண் வரிசையில் நின்று நம்பரைச் சத்தமாகச் சொல்லும்போது, பின்னால் நிற்பவன் காதும் திறந்துதான் இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

என்னதான் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். "நம்பர் கொடுக்க விருப்பமில்லம்மா, அப்படியே பில் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். பெரும்பாலான இடத்தில் பில் வந்துவிடுகிறது. சிஸ்டத்துக்கு அவ்வளவு ஒன்றும் வீம்பு கிடையாது. "வரவே வராது" என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்வேன். அவரும் மறுத்தால் 1915 இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். விளம்பரத் தொல்லையை நிறுத்த 1909. வேண்டாம் என்று பதிந்த பிறகும் வந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். முன்பு மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்ததை, 2025-ல் ஏழு நாளாக்கினார்கள். பொய் நம்பர் கொடுக்கும் கெட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் அந்தப் பத்து இலக்கமும் யாரோ ஓர் அப்பாவியின் நம்பராக இருக்கலாம். உங்கள் தொல்லை அவர் தலையில் விடியும்.

இட்லி மாவு அம்மா இப்போதும் அதே மாத்திரையைத்தான் வாங்குகிறார், வேறு கடையில். நம்பர் கேட்டால் அவர் சொல்வது ஒரே வார்த்தை: "எதுக்கு?" பதில் சரியாக இருந்தால் கொடுக்கிறார். இல்லாவிட்டால் காசை வைத்துவிட்டு மாத்திரையோடு வருகிறார். சட்டம் 2027-ல் வரட்டும். இந்த வார்த்தைக்கு அமலாக்கத் தேதி கிடையாது. நாளைக் காலையிலிருந்தே கேட்கலாம்.