பீவரைக் கொல்வதா, நீரை இறக்குவதா?

பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் ஏரிகளோடும் கால்வாய்களோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கரை உடைப்பு, மதகு அடைப்பு, நீர்ப்பிடிப்பு ஆக்கிரமிப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக ஒரு நினைப்பு இருந்தது. 2022 மே மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கும் மகளின் வீட்டுக்குப் போனபோது அந்த நினைப்பு கலைந்தது. மாநிலத்தின் மேற்குப் பகுதியில், காடும் புல்வெளியும் கலந்த சிற்றூர் அது. வீட்டுக்குப் பின்புற ஓடையில், 20 கிலோ எடைகூட இருக்காத ஒரு பிராணி, மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் இல்லாமல் ஓர் அணையைக் கட்டி முடித்திருந்தது.

பீவரைத் தமிழில் ‘நீர்நாய்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது பிழை. நீர்நாய் நம் காவிரியிலும் வாழ்கிற மீன்தின்னி. பீவர், எலிக்கும் அணிலுக்கும் உறவான கொறிவிலங்கு, மீனைத் தொடாது. மரப்பட்டையும் தளிரும் நீர்த்தாவரங்களும்தான் அதன் உணவு. அதன் முன்பற்களின் எனாமலில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அவை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அந்தப் பற்களால் ஒரே இரவில் நடுத்தர மரமொன்றைச் சாய்த்துவிடும்.

அணை கட்டுவது அதற்கு விளையாட்டு அல்ல. தரையில் மெதுவாக நடக்கும் இந்தப் பிராணிக்குத் தண்ணீர்தான் கோட்டை. குச்சியும் சேறும் கொண்டு அது கட்டும் வீட்டின் வாசல் எப்போதும் நீருக்கடியில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு உறைந்துபோகும். அடிவரை உறையாத அளவுக்கு ஆழம் இருந்தால்தான், இலையுதிர் காலத்தில் நீருக்கடியில் சேமித்து வைத்த கிளைகளைத் தின்று குடும்பம் பிழைக்கும். ஆகவே அணையில் நீர் கசிந்தால் அதற்குப் பொறுக்காது. சுவீடன் ஆய்வாளர் லார்ஸ் வில்சன் 1960களில் செய்த சோதனைகளில், ஓடும் நீரின் ஒலியை ஒலிபெருக்கியில் எழுப்பியபோது பீவர்கள் அதைத் தேடிவந்து குச்சிகளைக் குவித்தன. அங்கே அடைப்பதற்கு ஓட்டை எதுவும் இருக்கவில்லை.

இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிராமச் சாலையைப் பாருங்கள். ஓடைக்குக் குறுக்கே மண் கரை போட்டு, அதன் மேல் சாலை அமைத்து, நீர் போக அடியில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். பொறியாளனுக்கு அது குழாய்ப் பாலம். பீவருக்கோ அது ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட அணை. அதில் சலசலக்கும் ஓட்டை ஒன்று மட்டும்தான் குறை. அதை அடைத்துவிட்டால் போதும். சாலையோரக் குழாய்கள் இத்தனை அடிக்கடி அடைபடுவதன் காரணம் இதுதான்.

மகளின் வீட்டில் பிரச்சினை செப்டம்பரில் வெடித்தது. அங்கே கிராம வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் நீர், தோட்டத்தில் புதைத்த குழாய்கள் வழியாக மண்ணில் ஊறிப் பரவ வேண்டும். குடிநீர் அதே மனையில் உள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. குளத்தின் நீர்மட்டம் ஏற ஏற, ஊறும் மண்ணும் நீரில் மூழ்கியது. ஒரு காலை கழிப்பறையில் ஊற்றிய நீர் இறங்க மறுத்தது. பக்கத்து நிலத்தில் மாட்டுத் தீவனப் புல் வளர்க்கும் முதியவருக்கு வயலின் தாழ்ந்த பகுதி முழுவதும் சேறாகி, அந்த ஆண்டின் கடைசி அறுப்பே இல்லாமல் போயிற்று. மகள் எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டு நடப்பவள். ஆனால், வீட்டில் இரண்டு குழந்தைகள். கிணற்றில் கழிவுநீர் கலந்துவிடுமோ என்ற அச்சம் வேறு.

இங்கே கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். பீவரின் மென்மயிரிலிருந்து ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகள் செய்யப்பட்டன. அந்த வணிகத்தில் வட அமெரிக்கா நெடுக இந்த விலங்கு வேட்டையாடப்பட்டது. மாசசூசெட்ஸில் 18ஆம் நூற்றாண்டோடு அது இல்லாமலேயே போயிற்று. 1928இல்தான் மாநிலத்தின் மேற்கு எல்லையில் மறுபடி கண்ணில்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சதுப்புகள் வயல்களாயின, ஓடையோரங்கள் மனைகளாயின. வறண்டு கிடந்த ஆண்டுகளில் ஏரிக்குள் வீடு கட்டிவிட்டு, மழை பெய்ததும் ‘ஏரி வீட்டுக்குள் வந்துவிட்டது’ என்று மனு கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மகளின் வீடும் ஏறக்குறைய அந்த வகைதான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

1996இல் அந்த மாநில மக்கள் பொதுவாக்கெடுப்பு ஒன்றின் மூலம், காலைக் கவ்வும் பொறிகளுக்கும் உடலை நெரிக்கும் பொறிகளுக்கும் தடை விதித்தார்கள். விலங்குகளின் வதையைத் தடுப்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். அடுத்த சில ஆண்டுகளில், மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீட்டின்படியே, பீவர்கள் இருமடங்குக்கு மேல் பெருகின. வெள்ளப் புகார்களும் பெருகின. 2000இல் சட்டத்தில் ஒரு கதவு திறக்கப்பட்டது. மனிதர்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால், ஊர்ச் சுகாதார வாரியம் 10 நாள் அவசர அனுமதி வழங்கலாம். அந்த அனுமதியில் பொறி வைக்கலாம், அணையை உடைக்கலாம், அணையில் குழாய் பதித்து நீர்மட்டத்தைக் குறைக்கலாம். பின்னிரண்டுக்கும் ஈரநிலங்களைக் கவனிக்கும் ஊர் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். மகள் கையில் கிடைத்த தாளில் இந்த வழிகள் எல்லாம் இருந்தன. எல்லோரும் செய்வதுபோல் முதல் இரண்டையும் தேர்ந்தெடுத்தோம்.

பொறி வைக்க வந்தவருக்கு 70 வயதைத் தாண்டியிருக்கும். சிறுவயதில் தோலை விற்றுக் காசு பார்த்தவர். இன்று ஒரு தோலுக்குக் கிடைக்கும் விலை வண்டியின் பெட்ரோலுக்கே காணாது. வீட்டுக்காரர்கள் தரும் கூலிதான் வருமானம். அவர் கொண்டுவந்தது ‘கோனிபேர் 330’ என்ற பொறி. கனடாவில் பொறி வைத்துப் பிழைத்த ஃபிராங்க் கோனிபேர், காலில் கவ்விய விலங்கு நெடுநேரம் துடிப்பதைச் சகிக்க முடியாமல், உடனே கொல்வதற்கென்று வடிவமைத்தது அது. பத்து அங்குலச் சதுரமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். இருபுறமும் வலுவான வில்கள். நீருக்கடியில் பீவர் போகும் தடத்தில் பொருத்தி, மேலே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தால், அது முங்கிப் போகும்போது கழுத்தில் இறுகும். அணையில் வேண்டுமென்றே ஒரு சிறு வாய் வெட்டி, அதன் எதிரே இன்னொன்றை வைத்தார். ‘ஓட்டையை அடைக்க வராமல் அதனால் இருக்க முடியாது’ என்றார். ஒரு நல்ல வேலைக்காரனின் கடமையுணர்ச்சியையே தூண்டிலாக்குவது எனக்குச் சங்கடமாக இருந்தது. என் பணிக்காலத்தில் அப்படி ஒரு லஸ்கர் எனக்கு வாய்த்ததில்லை.

பத்து நாளில் ஐந்து பீவர்கள் கிடைத்தன. இரண்டு பெரியவை, மூன்றாவது முந்தைய ஆண்டுக் குட்டியாக இருக்கலாம். கடைசி இரண்டும் அந்த வசந்தத்தில் பிறந்தவை. மகள் வெளியே வரவில்லை. பிறகு ஊரின் சாலைப் பிரிவு பொக்லைன் கொண்டுவந்து அணையை ஒரே மூச்சில் பிளந்தது. நாளுக்கு அரையடி வீதம் இறக்குங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விருந்தாளியாக வந்த கிழவனின் பேச்சை யார் கேட்பார்கள்? ஆண்டுக்கணக்கில் தேங்கிய வண்டல் மொத்தமும் பாய்ந்துபோய், கீழேயுள்ள குழாய்ப் பாலத்தின் வாயை அடைத்தது. அதைத் தோண்டி எடுக்க அதே பொக்லைன் மறுநாளும் வந்தது.

கழிப்பறையில் நீர் இறங்கியது. நான் ஊர் திரும்பினேன். அடுத்த வசந்தத்திலேயே புதிய இணை ஒன்று அங்கே குடியேறிவிட்டதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். இது தற்செயல் அல்ல. பீவர் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயதில் பெற்றோரை விட்டுப் புறப்பட்டு, ஆளில்லாத ஓடையைத் தேடி அலையும். ஒரு குடும்பத்தைக் கொன்று தீர்த்த இடம் அவற்றுக்குக் காலி மனை. 2023 செப்டம்பரில் மறுபடி அனுமதி, மறுபடி பொறி, மறுபடி செலவு. 2024 மே மாதம் நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது குடும்பம் அணையின் மேல் பச்சை மரக்கிளைகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை நான் அணையைப் பார்க்கவில்லை, அளந்தேன். செப்டிக் குழாய்கள் நனையாமலிருக்க நீர்மட்டம் 14 அங்குலம் குறைந்தால் போதும். வீட்டுக்கும் பீவருக்கும் இடையிலான வழக்கு முழுவதும் அந்த 14 அங்குலம்தான். அதற்கு மேலுள்ள நீரை வெளியேற்ற நம் ஏரிகளில் கலிங்கு உண்டு. பீவர் அணையில் கலிங்கு வெட்டினால் சத்தம் கேட்டு அன்றிரவே அடைத்துவிடும். ஆகவே சத்தம் போடாத கலிங்கு வேண்டும். அது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அமைப்பு எளிமையானது. அணையில் ஒரு பள்ளம் எடுத்து, ஓரடி விட்டமுள்ள நெளிவரிப் பிளாஸ்டிக் குழாயை அதன் வழியே பதிக்கிறார்கள். குழாயின் மேல்முனை அணையிலிருந்து ஏறக்குறைய 40 அடி தள்ளி, குளத்தின் ஆழத்தில், அகன்ற கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கும். கூண்டு பெரிதாக இருப்பதால் நீர் உள்ளே போகும் இழுப்பு வெளியே உணரப்படாது, ஒலியும் கேட்காது. குழாய் அணையைக் கடக்கும் உயரம்தான் குளத்தின் புதிய நீர்மட்டம். இரண்டு பேர் ஒரு பகலில் வேலையை முடித்தார்கள். முதலிரண்டு இரவுகள் பீவர்கள் குழாயைச் சுற்றிச் சேற்றை அப்பி, அணையை இன்னும் உறுதியாக்கின. நீர் எங்கிருந்து போகிறது என்பதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அளவுகோலில் 14 அங்குலம் குறைந்திருந்தது. செலவு, இரண்டு முறை பொறி வைத்து அணை உடைத்ததைவிடக் குறைவு.

சாலைக் குழாய்களுக்கும் இதற்கு இணையான வழி உண்டு. 1990களில் மேய்ன் மாநிலத்தில் பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் நிலங்களில் பணியாற்றிய ஸ்கிப் லைல் உருவாக்கியது அது. குழாயின் வாயைச் சுற்றி விரிந்து செல்லும் வேலி. அடைக்க வேண்டிய நீளம் பல மடங்காகிவிடுவதால் பீவர் சலித்துவிடும். வர்ஜீனியாவின் சாலையோரங்களில் நடந்த ஆய்வொன்றும், அடிக்கடி பொறி வைத்துத் தூர்வாருவதைவிட இத்தகைய அமைப்புகளுக்குச் செலவு மிகக் குறைவு என்றே கண்டது. அப்படியிருந்தும் அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு மட்டும் ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்ட பீவர்களைக் கொல்கிறது.

ஆனால், குழாய் எல்லா இடத்துக்கும் ஆகாது. பக்கத்து முதியவரின் வடிகால் வாய்க்காலில் அணை கட்டினால் ஒன்றரை அடி நீர்கூடத் தேங்காது. கூண்டை மூழ்கவைக்க ஆழம் இல்லை. வயலோ சமதளம்; அரையடி நீர் நின்றாலே புல் அழுகும். அங்கே பீவரும் விவசாயமும் சேர்ந்து இருக்க முடியாது. பிடித்து வேறிடத்தில் விடலாமே என்று மகள் கேட்டாள். 1948இல் ஐடஹோ மாநிலத்தில் 76 பீவர்களைப் பெட்டிகளில் வைத்துப் பாராசூட் மூலம் மலைக்காட்டில் இறக்கினார்கள் என்பது உண்மைதான். மாசசூசெட்ஸில் காட்டு விலங்கை இடம் மாற்றுவதற்குச் சட்டத்தில் அனுமதி இல்லை. இடம் மாற்றினாலும் அது இன்னொருவரின் ஓடையாகவே இருக்கும். எனவே நவம்பரில் பருவம் தொடங்கியதும் முதியவர் கூண்டுப் பொறி வைத்தார். பிடிபட்டதைச் சுட்டார். அதை நான் குறை சொல்லவில்லை. அவர் வயலில் பொறி வைப்பதை எதிர்ப்பவர்கள் அவருக்குப் புல் வாங்கித் தரப்போவதில்லை.

என் வருத்தம், குழாய் போதுமான இடங்களிலும் பொறியே முதலில் கைக்கு வருவதுதான். அந்தக் குளத்தில் இப்போது வாத்துகள் இறங்குகின்றன. 2022 கோடையின் வறட்சியில் ஊரின் மற்ற ஓடைகள் நூலாக இளைத்தபோதும் அந்தத் தாழ்நிலம் பசுமையாகவே இருந்தது. தடுப்பணை கட்டி நிலத்தடி நீரைப் பெருக்கச் சொல்லித் திட்ட அறிக்கைகள் எழுதியவனுக்கு, அதைச் சம்பளமில்லாமல் செய்கிறவனின் மேல் தனிக் கோபம் வரவில்லை.

குழாய்க்கும் பராமரிப்பு உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை கூண்டில் ஒட்டும் இலைகளையும் குச்சிகளையும் அகற்ற வேண்டும். வெளியேறும் முனைக்குக் கீழே பீவர் புதிய அணை கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக் குழாயை மகள் பார்த்துக்கொள்கிறாள். சாலைக் குழாய்க்கு வேலி போடவும் ஆண்டுதோறும் துப்புரவு செய்யவும் ஊரின் வரவு செலவில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று வசந்தகால ஊர்க்கூட்டத்துக்கு மனு கொடுத்திருக்கிறாள். மனுவின் வரைபடம் நான் போட்டது. அதில் இரண்டாவது கையொப்பம் பக்கத்துப் புல்வெளிக்காரருடையது. நவம்பரில் வாய்க்காலில் பொறி வைப்பதை அவர் நிறுத்திவிடவில்லை.