மனக்கவலைக்கு மலர் மருந்து: எடுக்கலாமா?



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் சகோதரிகள் சில மாதங்களாக ஒரே விஷயத்தைப் பலவிதமாகக் கேட்கிறார்கள். "அவர் மவுத்தானதிலிருந்து தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் மலர் மருந்து வாங்கித் தந்தார்கள், குடிக்கலாமா?" "பரீட்சை என்றாலே பிள்ளை நடுங்குகிறான், பூ மருந்தில் பயம் போய்விடுமாமே?" "அதில் பிராண்டி இருக்கிறதாமே, ஹலாலா?" எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த இதழில் விளக்கம் தருகிறோம்.

மலர் மருந்து என்பது என்ன?

இதை உருவாக்கியவர் டாக்டர் எட்வர்ட் பாட்ச் (1886–1936) என்ற ஆங்கிலேய மருத்துவர். லண்டனில் நல்ல வருமானத்தோடு நடந்துவந்த தொழிலை 1930-இல் விட்டுவிட்டு, கிராமப்புறங்களில் அலைந்து செடிகொடிகளை ஆராய்ந்தார். உடல்நோயைவிட மனநிலையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. பயம், துக்கம், பொறாமை, குற்ற உணர்வு, சோர்வு என்று மனநிலைகளைப் பிரித்து, அவற்றுக்கென 38 மருந்துகளை வகுத்தார்.

செய்முறை எளிமையானது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்று நீரை நிரப்பி, அதில் பூக்களை மிதக்கவிட்டு, மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். சில வகைகளை அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வடிகட்டிய நீரில் அதே அளவு பிராண்டியைச் சேர்ப்பார்கள். அதிலிருந்து சில சொட்டுகளை எடுத்து மறுபடியும் பிராண்டியில் கலந்ததுதான் கடைக்கு வரும் குப்பி. நம் ஊர்களில் ஹோமியோபதி மருந்துக் கடைகளில் சொட்டு மருந்தாகவும், சர்க்கரை உருண்டையில் ஊற்றியும் தருகிறார்கள்.

காரணம் தெரிந்த பயத்துக்கு மிமுலஸ், காரணம் தெரியாத பயத்துக்கு ஆஸ்பென், அதிர்ச்சிக்கும் இழப்புக்கும் ஸ்டார் ஆஃப் பெத்லஹேம், பழைய நினைவிலேயே வாழ்கிறவர்களுக்கு ஹனிசக்கிள், உழைத்துக் களைத்தவர்களுக்கு ஆலிவ் என்று கொடுக்கிறார்கள். ஐந்து மருந்துகள் சேர்ந்த 'ரெஸ்க்யூ ரெமடி' என்ற கலவை அவசர நேரப் பதற்றத்துக்கு என்று விற்கப்படுகிறது.

குணம் தருகிறதா?

ஒரு சாராருக்கு உண்மையான மருந்தையும், மற்றொரு சாராருக்கு அதே போலத் தோன்றும் வெறும் சொட்டையும் கொடுத்து ஒப்பிடும் சோதனைகள் நடந்திருக்கின்றன. எக்ஸிடர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் அத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார். வெறும் சொட்டைவிட மலர் மருந்து கூடுதலாக எதையும் செய்ததாக நம்பகமான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் சிலர் "எனக்குத் தேவலை" என்று சொல்வது பொய்யா? இல்லை. மருந்து கொடுப்பவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, "எதை நினைத்தால் பயம் வருகிறது? எப்போதிருந்து? இரவிலா, பகலிலா?" என்று பொறுமையாகக் கேட்கிறார். பல வருடங்களாக யாரும் கேட்காத கேள்விகள் அவை. மனதில் இருப்பதைப் பெயர் சொல்லி வெளியே எடுத்ததிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. இதைச் செய்ய குப்பி தேவையில்லை. நம் உம்மாவிடமும் மனைவியிடமும் பிள்ளையிடமும் நாமே கேட்கலாம்.

பிராண்டி விஷயம்

பிராண்டி திராட்சை மதுவிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவது. மதுவை மருந்துக்காகச் செய்கிறேன் என்று ஒருவர் வந்து கேட்டபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. சில சொட்டுகள் தண்ணீரில் கரைந்து இல்லாமல் போய்விட்டால் என்ன சட்டம் என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஆல்கஹால் இல்லாமல், கிளிசரினில் தயாரித்த மலர் மருந்தும் கிடைக்கிறது. அப்படியிருக்க, சந்தேகமானதை நாம் ஏன் தொட வேண்டும்? வாங்கும் முன் குப்பியின் லேபிளைப் படியுங்கள். பிராண்டி, ஆல்கஹால், எத்தனால் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். கிளிசரின் என்றால், அது தாவரத்திலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். உருண்டையாக இருந்தாலும் எதை ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள்.

துக்கம் ஈமான் குறைவல்ல

அல்லாஹ்வை நினைவுகூர்வதில்தான் உள்ளம் அமைதி பெறும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பூவுக்கென்று ஆன்மாவைத் திருத்தும் சக்தி எதுவும் கிடையாது. ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே.

ஆனால் இதைச் சொல்லியே துக்கப்படுகிறவரைக் குத்திக் காட்டக் கூடாது. "தொழுதால் சரியாகிவிடும், உனக்கு ஈமான் போதவில்லை" என்ற பேச்சால் வாய் மூடிக்கொண்ட பெண்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மகன் யூஸுஃபை இழந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின. தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் அழுதார்கள். துக்கப்பட்டவருக்குத் தல்பீனா என்னும் பார்லிக் கஞ்சியைக் கொடுக்கும் வழக்கத்தை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மவுத்தான வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பதும் சுன்னத்தான ஆறுதல்தான்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் சோகமே நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால். பிரசவத்துக்குப் பின் தாய் குழந்தையைக் கவனிக்க முடியாமல் தவித்தால். இல்லாத குரல் காதில் கேட்டால். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால், மலர் மருந்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மனநல மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் வேண்டாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் போன அந்தச் சம்பவத்தில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். இன்று அதே ஏர்வாடியில் 'தவா–துவா' என்ற பெயரில் துஆவோடு அரசு மனநல சிகிச்சையும் சேர்ந்து நடக்கிறது. மருந்தும் வேண்டும், துஆவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விடக் கூடாது.

மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகள் நம் அலுவலகத்தில் சொன்னால், உடன் வர ஏற்பாடு செய்வோம். விஷயம் வெளியே போகாது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் கொஞ்ச நாளாக அதிகம் பேசாதவர் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கவலை?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.

நம் இல்லங்களில் உள்ள ஒவ்வோர் உள்ளத்துக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும் நிம்மதியையும் தருவானாக. ஆமீன்.