கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடல்

இரண்டாம் ஆண்டு மாணவன், கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறை



சென்னையில் கொளத்தூர் என்றால் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வரிசையாக மீன் கடைகள் உள்ள ஊர். அங்கே ஒரு கடையில் மாலை 5 மணி முதல் 9 மணி வரை நான் வேலை பார்க்கிறேன். என் அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் பஸ் செலவும், ரெக்கார்டு நோட்டுச் செலவும், பரீட்சைக் கட்டணமும் அந்தக் கடைச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

எங்கள் கடையின் முன்வாசலில் 100 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு பாறை. பாறை முழுக்கப் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று சட்டைப் பொத்தான் அளவில் பூக்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, இது பிளாஸ்டிக் பூவா?"

பூவும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. அது உயிருள்ள பிராணி! பெயர் ஸோயாந்திட். கடைக்காரர்கள் சுருக்கமாக 'ஸோவா' என்பார்கள். அதை எப்படி நோயில்லாமல் வளர்ப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். அது நம் பாடத்தோடு சம்பந்தப்பட்டது.

ஸோயாந்திட் என்றால் என்ன?

ஜெல்லி மீன், கடல் சாமந்தி, பவளம் எல்லாம் ஒரே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. ஸோயாந்திட்டும் அந்தக் கூட்டம்தான். ஆனால் பாறை கட்டும் பவளத்தைப் போல இதற்குச் சுண்ணாம்பு எலும்பு கிடையாது. ஒவ்வொரு 'பூ'வும் ஒரு பாலிப். குட்டித் தண்டு, மேலே வட்டத்தட்டு, நடுவில் வாய், ஓரத்தில் இழை இழையாகக் கைகள். பாலிப்புகள் அடியில் ஒரே தோல் விரிப்பால் இணைந்திருக்கும். ஒரே காம்பவுண்டில் பல குடித்தனம் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதன் சாப்பாட்டு ஏற்பாடு அதிசயமானது. உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தை வைத்து உணவு தயாரித்து, வீட்டுக்காரருக்குப் பங்கு கொடுக்கிறது. இடம் இவருடையது, சமையல் அவருடையது. அதனால்தான் ஸோயாந்திட்டுக்குத் தீனியை விட வெளிச்சம் முக்கியம். நிலைமை கெட்டுப்போனால் பாசி வெளியேறிவிடும். உடம்பு வெளுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்.

அதற்கு வேண்டியவை

தண்ணீர்: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் வேறு உப்புகள் இருக்கும். செம்பு கலந்திருந்தால் இந்த உயிர்களுக்கு எமன். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில், கடைகளில் விற்கும் பவளத் தொட்டிக்கான உப்பைக் கலக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது.

உப்பின் அளவு: கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு. ஒப்படர்த்தியில் சொன்னால் 1.025 அல்லது 1.026. தொட்டியிலும் அதேதான் இருக்க வேண்டும்.

வெப்பம்: 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் மே மாதத்தில் இதுதான் பெரும்பாடு. வசதி இருந்தால் சில்லர் மாட்டலாம். இல்லையென்றால் தண்ணீரின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் ஓரிரண்டு டிகிரி குறையும்.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 100 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. தினம் 2 லிட்டர் வற்றி, ஐந்து நாளில் 10 லிட்டர் போனால், அதே மூன்றரைக் கிலோ இப்போது 90 லிட்டரில்! 35 இருந்தது 39-ஐத் தொட்டுவிடும். ஆகவே வற்றிய அளவுக்கு தினமும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் பலருடைய தொட்டி கெட்டுப்போகிறது.

வெளிச்சம்: நடுத்தரமாக, நீலம் கலந்த எல்.இ.டி. விளக்கு போதும். புதிதாக வாங்கியதை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, சில வாரங்களில் மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு விளக்கைத் தேடும். அதிகமானால் சுருங்கும், வெளுக்கும்.

நீரோட்டம்: மேலே அழுக்கு தங்காத அளவுக்கு மிதமாக இருக்க வேண்டும். பம்ப்பின் வாய் நேராக அதன் முகத்தில் அடிக்கக் கூடாது.

சத்து: "சுத்தமாக இருந்தால் நல்லதுதானே" என்று நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கிவிடக் கூடாது. லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருப்பது நல்லது. ஆனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் ஆகாது. புதுத் தொட்டியில் இவற்றை மாற்றும் பாக்டீரியா பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

பூச்சி: ஸோயாந்திட்டையே தின்று, அதன் நிறத்தையே தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும் ஓடில்லாத கடல் நத்தை ஒன்று உண்டு. பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது! ஆகவே புதிதாக வாங்கியதை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, தனித் தொட்டியில் சில வாரம் வைக்க வேண்டும். மருந்துக்கு நத்தை சாகும், முட்டை சாகாது. அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் முக்க வேண்டும்.

நான் செய்த தப்பு

போன வருடம் எங்கள் கடை ஓனர் அண்ணன் பத்து நாள் ஊருக்குப் போனார். முன்வாசல் தொட்டியை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் அளவு தெரியும். முதல் நாளே அது என் கையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை. அப்பாடா என்று துடைத்து வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

மறுநாள் அளந்தால் 30 காட்டியது! உப்பு குறைந்துவிட்டதே என்று பதறி, கால் கிலோ கரைத்து ஊற்றினேன். அடுத்த நாள் இன்னொரு கால் கிலோ. மீட்டர் 35-க்கு வந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் பூக்கள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தன. வெளிச்சம் போதவில்லை போல என்று விளக்கைக் கூட்டினேன். சனிக்கிழமை பார்த்தால் ஓரத்தில் இருந்தவை கூழாகக் கரைந்துகொண்டிருந்தன.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு பவளமும் தெரியாது, மீட்டரும் தெரியாது. ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "உப்பு குறைஞ்சா போட்டுக்கலாம்டா. கூடிட்டா எடுக்க முடியாது. நீ எதுக்கு அவசரப்பட்டே?"

திங்கட்கிழமை லேபில் பிரஷர் கேஜுக்கு அளவீட்டுச் சரிபார்ப்பு, அதுதான் நம்ம காலிபரேஷன். எங்கள் சார் எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "மீட்டர் சொல்றதை நம்புறதுக்கு முன்னாடி, மீட்டரை நம்பலாமான்னு பாரு." எனக்குச் சுரீர் என்றது. விழுந்த கருவியைச் சரிபார்க்காமலே அரைக் கிலோ உப்பைக் கொட்டியிருக்கிறேன்!

அண்ணன் கடை டைரியில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார். 96.35 கிராம் காய்ச்சி வடித்த நீரில் 3.65 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடைக் கரைத்தால், அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் சரியாக 35 காட்ட வேண்டும். சாரிடம் அனுமதி வாங்கி, கெமிஸ்ட்ரி லேபில் எடை போட்டுக் கரைத்துக்கொண்டு போனேன். மீட்டரில் விட்டுப் பார்த்தால் 30! கீழே விழுந்ததில் திருகு நகர்ந்து, ஐந்து குறைவாகக் காட்டியிருக்கிறது. நாம் பரீட்சையில் எழுதுகிறோமே 'ஜீரோ எரர்', அதுதான். திருகைச் சரிசெய்து தொட்டியை அளந்தேன். 40.

ஒரு போன்

அன்று இரவு அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் அமைதியாகக் கேட்டார். கடைசியாக நான், "அண்ணே, செத்ததெல்லாம் நாறுது. கல்லை எடுத்து வெந்நீர் ஊற்றித் தேய்ச்சுக் கழுவிடட்டுமா?" என்றேன்.

"டேய், தொடாதே!" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தியது அன்றுதான். மீட்டருக்காக அல்ல, என் உயிருக்காக.

சில ஸோயாந்திட்டுகளில், முக்கியமாக பாலிதோவா என்ற வகையில், பாலிடாக்சின் என்ற விஷம் உண்டு. நம் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி இறைக்கும் பம்ப் இருக்கிறதல்லவா? இந்த விஷம் அந்தப் பம்ப்பைத் திறந்த கதவாக மாற்றிவிடும். ஹவாய்த் தீவுகளில் பழங்குடி வீரர்கள் ஈட்டி முனையில் இதைத் தடவினார்கள் என்று சொல்வார்கள். அங்கே கிடைத்த உயிரிலிருந்துதான் 1971-இல் மூர், ஷாயர் என்ற விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்கள். இதற்கு மாற்று மருந்து இன்றும் கிடையாது. மருத்துவமனையில் மூச்சுக்கும் இதயத்துக்கும் துணைச் சிகிச்சைதான்.

கல்லை வேகவைத்தாலோ, வெந்நீர் ஊற்றினாலோ, தண்ணீருக்கு வெளியே பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ, விஷம் நீராவியோடும் திவலையோடும் மூச்சில் போய்விடும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன் கடைகளிலும் வீடுகளிலும் இப்படிப் பாதிப்பு ஏற்பட்டதாக அரசு சுகாதாரத் துறையே அறிக்கை கொடுத்திருக்கிறது. வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், உடம்பு வலி, இவை அறிகுறிகள்.

ஆகவே மறக்காதீர்கள்: வெறும் கையால் தொடக்கூடாது. கையில் காயம் இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. வெட்டும்போது கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். நிறத்தைப் பார்த்து 'இது விஷமில்லாதது' என்று முடிவு கட்டக்கூடாது. ஏதாவது ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஸோயாந்திட்டைத் தொட்ட விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மீண்டது எப்படி?

அண்ணன் சொன்னபடி கல்லைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். தினம் இரண்டரை லிட்டர் உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். நாளைக்கு ஒன்று வீதம் இறங்கி, ஐந்தாம் நாள் 35-க்கு வந்தது. ஒரே நாளில் இறக்கியிருந்தால் மிச்சமும் செத்திருக்கும். ஏற்றியது அவசரம், இறக்கியது பொறுமை. விளக்கையும் பழைய அளவுக்குக் குறைத்தேன்.

அறுபது பூக்களில் இருபதுக்கு மேல் போய்விட்டன. மற்றவை பத்து நாள் கழித்து மெல்லத் திறந்தன. ஊரிலிருந்து வந்த அண்ணன் தொட்டி முன் நின்று பார்த்துவிட்டு, "விழுந்துச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஒண்ணுமே போயிருக்காதுடா" என்றார். சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

பூ மூடிக்கொண்டால் முதலில் அளவுக் கருவியைச் சரிபாருங்கள். பிறகு உப்பு, வெப்பம், அம்மோனியா, பூச்சி என்று வரிசையாகப் பாருங்கள். விளக்கில் கைவைப்பது கடைசி. எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும், மெதுவாக மாற்றுங்கள்.

ஆசை வந்துவிட்டதென்று ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போய் யாரும் கடலில் பெயர்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியக் கடல் பூங்கா. பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. வாங்குவதானால், எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

இப்போது எங்கள் கடையில் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மீட்டரைச் சரிபார்ப்பது என் வேலை. தேதி போட்டு டைரியில் எழுதுகிறேன். ஒரு நாள் வண்டியில் லோடு இறக்கிவிட்டு அந்தப் பக்கம் வந்த அப்பா, மீட்டரை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "என்னப்பா தெரியுது?" என்றேன். "நீலமா ஒரு கோடு தெரியுது. சரியா இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா. பார்த்துட்டேன்" என்றேன்.