குறுமரக் கலையும் மரத்தின் இயல்பு வடிவமும்

ஒரு மரத்தைச் சிறிதாக வளர்த்தல் அரிய செயலன்று. வேருக்கு இடங்கொடாது நெருக்கினால் எம்மரமும் குறுகியே நிற்கும். அவ்வாறு குறுகி நிற்கும் மரம், காண்பார் கண்ணுக்குத் தன் இனத்து முதுமரம் ஒன்றை நினைவூட்டுதலே அரிது. முன்னது நலிவு, பின்னது கலை. இவ்விரண்டும் எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்பதைச் சிறப்பாக இலையுதிர் மரங்களை நோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மஸ்கெலியாவில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இவ்வறிவு நூல்களால் மட்டும் வந்ததன்று. அதிற் பாதியைத் தேயிலை மலையிற் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளே கற்பித்தன.

பெயரும் பிறப்பும்

‘பொன்சாய்’ என்பது யப்பானியச் சொல். தட்டிலே நட்ட செடி என்பது அதன் பொருள். கலையின் மூலம் சீனத்தில் உள்ளது. ஆண்டு அதன் பெயர் ‘பென்ஜிங்’. கி.பி. 706 இல் அமைந்த சாங்ஹுவாய் இளவரசனின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு மரங்களும் கற்களும் வைத்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாளர் தீட்டப்பட்டுள்ளனர். யப்பானில் 1923 ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தின் பின்னர், தோக்கியோ நகரத்துக் குறுமரத் தொழிலாளர் பலர் ஓமியா என்னுமிடத்திற் குடியேறி 1925 இல் தமக்கென ஓர் ஊரை நிறுவினர். நம் நாட்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும் அதே 1925 ஆம் ஆண்டிலேயாம். ஒருபால் அழகுக்காகவும் மற்றொருபால் விளைவுக்காகவும், மரத்தைக் குறுக்கும் கலை இரு தீவுகளிலும் ஒரே காலத்தில் நிலைகொண்டமை நினைக்கத் தக்கது.

இந்தியாவில் இக்கலையை ‘வாமன விருட்சக் கலை’ என்றும் வழங்குவர். இப்பெயர் மிகவும் பொருத்தமுடையது. வாமனன் குறள் வடிவினன். ஆயினும் மூவுலகும் அளக்கும் பேருரு அவனுள் அடங்கியிருந்தது. தட்டிலுள்ள சிறுமரமும் அத்தகையதே. அதனுள் ஒரு முழுமரம் அடங்கியிருத்தல் வேண்டும். எந்த முழுமரம் என்பதே இனி நாம் எழுப்ப வேண்டிய வினா.

மரம் தன் வடிவைப் பெறும் வழி

மரங்களின் வளர்ச்சி வடிவம் பெரும்பாலும் இரு வகைப்படும். பைன் முதலிய ஊசியிலை மரங்களில் நடுத்தண்டு ஒன்றே தலைமை தாங்கி உச்சிவரை நேரே செல்லும். பக்கக் கிளைகள் அதற்கு அடங்கி அடுக்கடுக்காய்க் கிடையாக நீளும். முதிர்ந்த காலத்துத் தம் பாரத்தாலும், குளிர்நாடுகளிற் பனியின் பாரத்தாலும் கீழே தாழும். ஆதலின் அவற்றின் புறவடிவம் பெரும்பாலும் கூம்பாக அமையும்.

அகன்ற இலையுடைய மரங்களோ வேறு நெறியின. இளமையில் நடுத்தண்டு முந்துமெனினும் நாளடைவில் அதன் தலைமை தளரும். தண்டு பிளந்து கவையாகும். கவை மீண்டும் கவையாகும். கிளைகள் முதலில் ஒளி நோக்கி மேலெழுந்து, பின்னர் வெளிநோக்கிச் சாய்ந்து, நுனியில் மட்டும் தாழும். எது தண்டு, எது கிளை எனப் பிரித்தறிய இயலாதவாறு முடி குடைபோல் வட்டமாய் விரியும்.

இதன் காரணத்தைத் தாவரவியலார் விளக்கியுள்ளனர். நுனிமொட்டிற் பிறந்து கீழிறங்கும் ‘ஒட்சின்’ என்னும் வளர்ச்சிப்பொருள் பக்க மொட்டுக்களை உறங்கச் செய்கின்றது. நுனியைக் கிள்ளினால் அவ்வடக்குமுறை நீங்கும். உறங்கிய மொட்டுக்கள் விழித்தெழும். நுனியின் ஆட்சி எவ்வளவு காலம், எவ்வளவு வலிமையோடு நிலைக்கும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். மரத்தின் வடிவம் பெரிதும் இவ்வேறுபாட்டாலேயே அமைகின்றது.

வழக்கமாகிவிட்ட பிழை

படங்களிற் குறுமரம் என்றவுடன் நாம் காண்பது யாது? வளைந்த தண்டு, இடமும் வலமும் மாறி மாறித் தாழ்ந்த கிளைகள், அவற்றின்மேல் மெத்தை பரப்பினாற்போன்ற பசுமை, மொத்தத்தில் ஒரு முக்கோணம். இது யப்பானியப் பைன் மரத்தின் முதுமைக் கோலம். பைனுக்கு இது மெய். ஆனால் இதுவே குறுமரத்தின் பொது இலக்கணமென மயங்கி, மேப்பிள், எல்ம், அரசு முதலிய எல்லாவற்றையும் இவ்வச்சில் வார்ப்போர் பலர்.

பசுமை மாறா மரத்தில் இப்பிழை இலையுள் மறையக்கூடும். இலையுதிர் மரத்திலோ மறையாது. இலை முழுவதும் உதிர்ந்து கிளையும் கவையும் வெளிப்படும் காலமே அம்மரத்துக்கு உரைகல். பைன் போலக் கிளைகள் தாழ்ந்த மேப்பிள் மரம் அப்பொழுது பிறர் உடையை உடுத்தவன் போலத் தோன்றும்.

இவ்வுண்மையை உணர்ந்தோர் பண்டும் இருந்தனர். யப்பானியர் தம் நாட்டுக் கெயாக்கி மரம் துடைப்பத்தை நிமிர்த்தி வைத்தாற்போல் ஓரிடத்திலிருந்து விரிவதைக் கண்டு, அதற்கெனவே ‘ஹோக்கிதாச்சி’ என்னும் துடைப்ப வடிவை வகுத்தனர். தென் சீனத்துக் குவாங்டொங் மாகாணத்து லிங்னான் மரபினர், கம்பியை நம்பாது, வளரவிட்டு வெட்டுதல், மீண்டும் வளரவிட்டு வெட்டுதல் என்னும் முறையாற் கிளைகளை ஆக்கினர். நம் காலத்தில் ஜேர்மனியில் வாழும் வோல்ற்றர் பால் என்னும் கலைஞர், இலையுதிர் குறுமரம் இயற்கை மரத்தையே ஒத்திருத்தல் வேண்டும் என வலியுறுத்தி வருகின்றார். அவர் கையாளும் முறை நம் மலைநாட்டார்க்குப் புதியதன்று. மரத்தைச் சில கிழமைகள் தன் விருப்பப்படி வளரவிட்டு, பின்பு வேலியை நறுக்குவதுபோல் ஒரே புறக்கோட்டில் நறுக்கிவிடுதலே அது. இதனைப் படித்தபொழுது என் சாளரத்துக்கு வெளியே விரிந்து கிடந்த தேயிலை மலையே என் நினைவுக்கு வந்தது.

தேயிலை என்னும் பெருங் குறுமரத் தோட்டம்

ஒருமுறை ஏழாம் வகுப்பு மாணாக்கரிடம் தேயிலை மரத்தை வரையுமாறு கூறினேன். எல்லோரும் இடுப்பளவு உயரத்தில், தலை தட்டையான செடியையே வரைந்தனர். ஒரு சிறுமி எழுந்து, “சேர், தேயிலை செடிதானே, மரமில்லையே?” என்றாள். அவள் தாய் நாள்தோறும் அதிலேயே கொழுந்து பறிப்பவர், பாட்டியும் பறித்தவர். மூன்று தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்த குடும்பத்துக் குழந்தை தேயிலையின் உருவை அறிந்திலள்! அது அவள் குற்றமன்று. அவள் கண்டதெல்லாம் கத்தி விட்டுவைத்த உருவமே.

உண்மையில், வெட்டாது விட்டால் அசாம் இனத்துத் தேயிலை பத்து மீற்றருக்கு மேலும் ஓங்கும் மரமாகும். 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட நாள் தொட்டு, இந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மனிதன் அதனை மார்பளவுக்கு மேல் எழவிடவில்லை. மறுவாரம் மாணாக்கரைக் கைவிடப்பட்ட ஒரு மலையோரத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆண்டுக்கணக்காகக் கத்தி படாத தேயிலை, எம் தலைக்கு மேலே கவைத்து விரிந்து, மஞ்சள் மகரந்தத்தோடு வெண்மலர் பூத்து நின்றது. கத்தி நீங்கியவுடன் மரம் தன் வடிவை மீண்டும் தேடிக்கொள்கின்றது என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர்.

தோட்டத்திற் கவ்வாத்து என வழங்கும் கிளைவெட்டு, குறுமரக் கலைஞனும் கற்கவேண்டிய பாடங்களை உடையது. மலையகத்தின் உயர்ந்த பகுதிகளிற் பொதுவாக நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் வாதுகளை வெட்டுவர். வெட்டுண்ட செடிக்கு உணவு ஏது? வேரிற் சேமித்த மாப்பொருளே. அச்சேமிப்புப் போதுமா என்பதை அறிய, வெட்டுமுன் வேர்த்துண்டில் அயடீன் இட்டுச் சோதிப்பர். மாப்பொருள் மிகுந்திருப்பின் அது கருநீலமாகும். சேமிப்புக் குறைவான இடங்களில் ஓரிரு வாதுகளை இலையோடு விட்டுவைப்பர். அவற்றுக்கு ஆங்கிலத்தில் நுரையீரல் என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். செடி அவற்றால் மூச்சுவிடுகின்றது. வெட்டு எப்பொழுதும் உயிரின் கையிருப்பை அளந்த பின்னரே நிகழவேண்டும் என்பது இதன் பாடம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தேயிலையை வெட்டுவோர் நாடுவது கொழுந்து. வடிவத்தை மறைத்தல் அங்கே பிழையாகாது. குறுமரத்தை வெட்டுவோன் நாடுவது வடிவம்; அதனை மறைத்தால் அவன் செய்ததெல்லாம் வீண்.

என் அரசமரம்

இதனை நான் பிழை செய்தே கற்றேன். சுவர்ப் பிளவில் முளைத்த அரசங்கன்று ஒன்றை எடுத்துத் தொட்டியில் வைத்து, யப்பானியப் படம் ஒன்றைப் பார்த்துக் கம்பி சுற்றிக் கிளைகளை அடுக்கடுக்காகத் தாழ்த்தினேன். இரண்டாண்டு பாராட்டும் பெற்றேன். மூன்றாம் ஆண்டு வறட்சியில் இலை உதிர்ந்தது. அந்நாளில் என் வீட்டுக்கு வந்த முதியவர் ஒருவர், முப்பது ஆண்டுக்கு மேலாகக் கவ்வாத்து வெட்டியவர், அதனை நெடுநேரம் நோக்கிவிட்டு, “சேர், கோயில் அரசமரம் எப்ப இப்படிக் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு?” என்றார். எனக்கு விடை இல்லை. அன்றாடம் நான் கடந்து செல்லும் மரம் அது. ஆயினும் படத்தை நோக்கிய அளவு அதனை நான் நோக்கியதில்லை.

கம்பிகளை அகற்றினேன். பால் வடியும் அரசின் பட்டையில் அவை தழும்பு பதித்திருந்தன; விரைந்து பருக்கும் இலையுதிர் மரங்களில் கம்பியைக் கிழமைதோறும் பார்வையிடாவிடின் இக்கேடு நேரும். பின்பு அம்முதியவரையே துணையாகக் கொண்டு, தாழ்ந்த கிளைகளை வெட்டித் தொடக்கத்திலிருந்து செய்தேன்.

செய்யும் முறை

அவ்வாண்டுகளிற் கற்றதைச் சுருக்கமாகக் கூறுவேன்.

முதலாவது, காணல். எவ்வினத்து மரமோ அவ்வினத்து முதுமரத்தை இலையுதிர்ந்த காலத்திற் சென்று கண்டு வரைக. முதற்கவை எவ்வளவு உயரத்தில் உள்ளது, கிளை எக்கோணத்தில் எழுகின்றது, நுனி எங்கே தாழ்கின்றது என்பன குறிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, அடி. வேர்கள் நாற்புறமும் நிலத்தைப் பற்றிப் பரந்து தோன்றுதல் மரத்துக்கு முதுமை தரும். தொட்டி மாற்றும்போது ஆணிவேரைக் குறைத்துப் பக்கவேர்களை வளர்க்க. இலையுதிர்ந்து புதுத்தளிர் எழுமுன் உள்ள காலமே இதற்கு ஏற்றது.

மூன்றாவது, கிளையாக்கல். ஒரு கிளையை வேண்டிய பருமன் வரும்வரை நீளவிடுக. பின் இரு மொட்டுக்களை மட்டும் விட்டு வெட்டுக. அவ்விரண்டும் இரு கிளைகளாகும். இவ்வாறு ஐந்துமுறை செய்தால், எல்லா மொட்டும் தவறாது எழுமாயின், ஒரு கிளை முப்பத்திரண்டாகும். ஒவ்வொரு கணுவிடையும் முந்தியதிலும் குறுகியும் மெலிந்தும் அமைதல் வேண்டும். முதுமரத்தின் தோற்றம் இதனால் விளையும்.

நான்காவது, விடுதல். ஓயாது கிள்ளப்படும் மரம் இலையின்றி மெலியும். இலையே வேருக்கு உணவூட்டுவது. ஆதலின் வளரவிடும் காலமும் வெட்டும் காலமும் மாறி மாறி வருதல் வேண்டும்.

ஐந்தாவது, வெறுமையிற் சோதித்தல். நம் மலைகளில் மழை மிகுதியால் மரங்கள் ஒழுங்காக இலையுதிர்ப்பதில்லை. வலிமையுள்ள மரமாயின் இலைகளைக் கையால் நீக்கிக் கிளையமைப்பை நோக்கலாம். நலிந்த மரத்தில் இதனைச் செய்தலாகாது.

முடிவுரை

மவுசாகலை நீர்த்தேக்கம் 1969 இல் முற்றுப்பெற்றபொழுது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் கட்டடம் வெளித்தோன்றும். ஊரார் திரண்டு சென்று காண்பர். மறைந்த வடிவைக் காண மனிதனுக்கு அத்துணை ஆவல். தேயிலையின் உருவமும் அவ்வாறே கத்தியின்கீழ் மறைந்து கிடக்கின்றது. அதனைக் காண்பதற்கு மட்டும் ஒருவரும் செல்வதில்லை.

என் அரசமரத்துக்கு இப்பொழுது வயது பதினொன்று. உயரம் ஓரடிக்குச் சற்று மேல். சென்ற மாசி மாதத்தில் அது இலையுதிர்த்தது. அம்முதியவர் வந்து பார்த்தார். பாராட்டு ஒன்றும் கூறவில்லை. மேற்கவையிலிருந்த ஒரு வாதைக் காட்டி, “இதை இன்னொரு வருசம் ஓட விடுங்க, சேர்” என்றார். வெட்டுவதற்கே முப்பது ஆண்டு பழகிய கை, விடவேண்டிய இடத்தையும் அறிந்திருந்தது. அவ்வாது இன்னும் வெட்டப்படாமல் ஒளி நோக்கி வளர்ந்துகொண்டிருக்கின்றது.