தகடு நெளியும் முன்பே கணிப்பது

உலோகத் தகடுகளை உருக்கி இணைக்கும்போது அவை வளைவதும் நெளிவதும் பற்றவைப்புத் தொழிலின் நீங்காத சிக்கலாகும். வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரப் பட்டறைகள் அனைத்தும் இதனோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். இவற்றுக்குச் சற்றுத் தெற்கே, சென்னைப் பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2018இல் பழைய வகைப் பயணிகள் பெட்டிகளைக் கைவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளுக்கு மாறிய பின், ஏறத்தாழ 2 மி.மீ. கனமே உள்ள பக்கச்சுவர்த் தகடுகளைச் சமதளம் கெடாமல் இணைப்பது அங்கே அன்றாடத் தேவையாகிவிட்டது.

சூடேறிய பகுதி விரிய முயல, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதைத் தடுப்பதால் அப்பகுதி நசுங்கி நிரந்தரமாகக் குறுகுகிறது; பின்னர் ஆறிச் சுருங்கும்போது, இணைப்பு நெடுகிலும் இழுவிசையும் தகட்டின் பிற பகுதிகளில் அமுக்கவிசையும் தங்கிவிடுகின்றன. இறுகப் பிடிக்கப்பட்ட சாதாரண எஃகு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினாலே இந்த மீளாத் திரிபு தொடங்கிவிடும் என்பது பலருக்கு வியப்பூட்டலாம். தகட்டின் கனம் பாதியானால், புடைக்காமல் அது தாங்கக்கூடிய அமுக்கம் கால்பங்காகக் குறைகிறது; மெல்லிய தகடுகள் அலையலையாக எழும்புவது இதனால்தான்.

இந்த நெளிவைக் குறைக்க லேசர் பற்றவைப்பு உதவுகிறது. லேசர் கற்றை மிகச் சிறிய புள்ளியில் குவிந்து, உலோகத்தை ஆவியாக்கி, குறுகிய ஆழமான துளையொன்றை உண்டாக்கியபடி விரைந்து நகர்வதால், ஆர்க் வெல்டிங்கைவிடக் குறைந்த வெப்பமே தகட்டில் சேர்கிறது. எனினும் நெளிவு குறைகிறதே தவிர மறைவதில்லை. அத்துடன், பற்றவைப்பு நடக்கும்போதே தகடுகள் விலகினால், கற்றைக்கு முன்னால் இடைவெளி அகன்று இணைப்பே பிடிக்காமல் போகிறது. நிரப்புக் கம்பி இல்லாத லேசர் முறை இத்தகைய இடைவெளியை மிகச் சிறிதளவே பொறுக்கும்.

ஆகவே நெளிவை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான கணினிப் பாவனையாக்கத்தில் தகடு பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, நகரும் வெப்பத்தால் ஒவ்வொரு கூறும் கணந்தோறும் அடையும் வெப்பநிலை முதலிலும், அதனால் விளையும் விரிவும் விசையும் அடுத்தும் கணக்கிடப்படுகின்றன. வெப்பம் பரவும் வடிவத்துக்குக் கனடாவின் ஜான் கோல்டாக்கும் உடனாய்வாளர்களும் 1984இல் தந்த இரட்டை நீள்வட்டத் திண்ம மாதிரி இன்றும் பயன்படுகிறது. லேசரின் ஆழ்துளைக்குக் கூம்பு வடிவம் பெரும்பாலும் கூடுதலாகப் பொருந்தும். இணைப்பை வெட்டி, மெருகேற்றி, அமிலத்தால் அரித்துப் பார்த்து, உருகிய எல்லை கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்காத கணிப்பை நம்புவது தவறு.

பல மீட்டர் நீளப் பலகைக்கு இம்முழுக் கணக்கும் மிக நெடியது. ஆகவே ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யுகியோ உவேதா வளர்த்தெடுத்த உள்ளார்ந்த திரிபு முறையில், சிறு துண்டொன்றில் கண்ட நிரந்தரச் சுருக்கம் மட்டும் முழுப் பலகையின் இணைப்புகளில் ஏற்றப்படுகிறது. எந்த இணைப்பை முதலில் போடுவது, எத்திசையில் செல்வது, எங்கே கிளாம்ப் இடுவது என்பவற்றைத் தகடு எதையும் வீணாக்காமல் மாற்றி மாற்றி ஒப்பிட இது வழிசெய்கிறது. கிளாம்ப்பை விடுவிக்கும் கட்டத்தையும் கணக்கில் சேர்ப்பது இன்றியமையாதது. ஏனெனில் பிடியில் இருக்கும்வரை நேராகத் தோன்றும் தகடு, பிடி தளர்ந்த பின்னரே உள்ளே தங்கிய விசைக்கு ஏற்ப வளைகிறது.