மணி அடித்தால் யார் வழி விடவேண்டும்?

வழக்கமாக வரிக் கணக்குப் பற்றிப் பேசுகிற நான் போன மாதம் சைக்கிள் பற்றிப் பேசியது சிலருக்குப் புதினமாக இருந்திருக்கும். கேட்கத் தவறியவர்கள் விரும்பியதால் அந்தப் பேச்சை இங்கே எழுதித் தருகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில், மகனுடைய மவுண்டன் பைக்கில் சரே பகுதிக் குன்றுப் பாதையொன்றில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். முன்னால் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா, நாயுடன் நடந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் அடிப்பதுபோல 'ணிங் ணிங்' என்று மணியை அடித்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை. ஊரில் மணி கேட்டால் முன்னால் போகிறவர் ஒதுங்குவார், நாங்கள் மிதித்துக்கொண்டே போவோம். இந்த அம்மா திடுக்கிட்டு வலப்பக்கம் போனார், நாய் இடப்பக்கம் போனது. நடுவில், நீண்டு சுருங்குகிற மெல்லிய நாய்க் கயிறு! கண்டபோது பிந்திவிட்டது. முட்பற்றைக்குள் போய் விழுந்தேன். "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று அவர்தான் என்னிடம் கேட்டார். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாதைகளில் அம்புக்குறிகளைக் கவனியுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை, அங்கே சைக்கிள் ஓட்டும் உரிமை எமக்கு இல்லை. நீல அம்பு 'பிரைடில்வே'. அது நடப்பவர், குதிரையில் வருபவர், சைக்கிள்காரர் மூவருக்கும் உரியது. சைக்கிளுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம். கொடுத்த அதே பிரிவிலேயே, மற்ற இருவருக்கும் சைக்கிள்காரர் வழி விடவேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஆக, இங்கே மணி என்பது 'விலகு' என்ற கட்டளை அல்ல. 'பின்னால் வருகிறேன்' என்ற அறிவித்தல் மட்டும்தான்.

தொழில் புத்தி விடாது, கணக்கும் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 25 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 7 மீற்றர். கண்டு, யோசித்து, பிறேக் பிடிக்க ஒரு செக்கன் போனால் 7 மீற்றர் முடிந்துவிடும். தளர்ந்த மண்ணில் நிற்க இன்னும் 8 மீற்றராவது வேண்டும். மொத்தம் 15. வேகத்தைப் பாதியாக்கினால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் பாதியாக அல்ல, காற்பங்காகக் குறையும். ஐந்தாறு மீற்றருக்குள் நின்றுவிடலாம். வளைவில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதற்குள் நிற்க முடியாத வேகம் கூடாது.

மணியைத் தூரத்திலேயே ஒருதரம் அடியுங்கள். அவர் திரும்பிப் பார்க்காவிட்டால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காது மந்தமாக இருக்கலாம், காதில் பாட்டு ஓடலாம். கிட்ட வந்து 'ஹலோ' என்று வாயால் சொல்லி, நடை வேகத்தில் கடந்து போங்கள். நண்பர்கள் பின்னால் வந்தால் 'இன்னும் இரண்டு பேர்' என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது.

நாய்க்கு வேகமாக ஓடுவதைத் துரத்துகிற குணம் உண்டு. ஊரில் நாய் துரத்தினால் காலைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாக மிதிப்போமே, அது இங்கே வேண்டாம். காலை ஊன்றி நின்று, உரிமையாளர் நாயைக் கூப்பிடும்வரை பொறுங்கள். இப்போது எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் நாய் வளர்க்கிறார்கள். சைக்கிளுடன் பகிரும் பாதையில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடிக்கும்படி ஹைவே கோட் சொல்கிறது. நீளும் கயிறு என்றால் பூட்டி வையுங்கள்.

நடந்து போகிற எங்கள் பெற்றோருக்கும் ஒரு சொல். மணி கேட்டதும் பாயவேண்டாம். போகிற போக்கிலேயே நேராகப் போனால், சைக்கிள்காரருக்கு எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்று தெரியும். குடும்பமாகப் பதினைந்து பேர் சாப்பாட்டுப் பையோடு பாதை முழுவதையும் அடைத்து நடப்பதையும் கொஞ்சம் குறைக்கலாம்.

இதையெல்லாம் என் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப மணி அடிக்கிறவன்தான் நிக்கவேணுமோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா, சட்டம் அப்படித்தான்" என்றேன்.

"நீ நிண்டனியோ?" என்றார்.