மோட்டாருக்கு ஒரு போன்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பம்புசெட்டுக்கான த்ரீ பேஸ் கரண்ட் பல ஊர்களில் முறை வைத்துத்தான் வருகிறது. பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். நடுச்சாமத்து முறை என்றால் டார்ச் லைட்டும் கையுமாக வரப்பில் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போயாக வேண்டும். பாம்பு, காட்டுப்பன்றி, ஈரக்கையால் தொட நேரும் ஸ்டார்ட்டர் பெட்டி என்று அந்த நடையில் ஆபத்துக்குக் குறைவில்லை. வேறெந்த நவீனக் கருவிக்கும் தயங்குகிற சிறு விவசாயி மொபைல் ஸ்டார்ட்டரைத் தானே தேடிப் போய் வாங்கியது இதனால்தான்.

பழைய ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டுகிற சிறு பெட்டி அது. உள்ளே ஒரு சிம் கார்டு. அந்த எண்ணுக்குப் போன் போட்டால் குரல் வழிகாட்டும். சொன்ன பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், நிற்கும். பதிவு செய்த எண்களுக்கு மட்டும் கட்டுப்படும். கரண்ட் வந்ததும் தானே அழைத்துச் சொல்லும் வகைகளும் உண்டு. ஸ்மார்ட்போனும் இன்டர்நெட்டும் கட்டாயமில்லை, சாதாரண பட்டன் போனே போதும். புனேவைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய 'நானோ கணேஷ்' இந்த வகையில் முன்னோடி. இப்போது கோவை, ஈரோடு பக்கமே இவற்றைத் தயாரிக்கிறார்கள்.

இன்னொரு பெரிய பயன், காயில் எரியாமல் காப்பது. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டிலும் பளு ஏறி மோட்டார் சூடாகும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் சட்டென்று இறங்கும். இரண்டையும் கவனித்து உடனே நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். காயில் கட்டக் கொடுத்துவிட்டு வாடும் பயிரைப் பார்த்து நிற்கிற நாட்களின் வேதனை விவசாயிக்குத் தெரியும்.

வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் பாதி விலை, அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 விழுக்காடு, அதிகபட்சம் 5,000. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு மானியமில்லை. அழைப்பை வாங்க மட்டுமே இருக்கிற எண்ணை உயிரோடு வைக்கவும் தொடர்ந்து ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு ஏக்கர்காரருக்கு அது சுமைதான். கொட்டகையில் எந்த நிறுவனத்தின் டவர் கிடைக்கிறது என்று பார்க்காமல் சிம் வாங்குவதும் வீண்.

எனக்குக் கவலை வேறொன்று. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். கட்டணம் இல்லாததால் எவ்வளவு இறைத்தோம் என்று கணக்குப் பார்க்க அவசியம் வருவதில்லை. இந்தக் கருவியை 'ஆட்டோ'வில் விட்டால் கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் தானாக ஓடும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நடை மிச்சமாகும், நிலத்தடி நீர் இறங்கும்.

இதற்கு வழி இருக்கிறது. நெல் வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சுவது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. 30 விழுக்காடு வரை நீர் மிச்சமாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்தக் குழாயில் ஒரு உணரியை வைத்து ஸ்டார்ட்டரோடு இணைத்தால், எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை வயலே சொல்லும். உணரி வாங்க இப்போது முடியாதவர்கள் வெறும் குழாயோடு தொடங்கலாம். ஒரு துண்டு பிவிசி குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம்.